மூணாறு தலைப்பில் 777

வருசத்துக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
அந்த வாடகைக்கு என்னோடு குடியிருப்பவர்கள்
எத்தனை பேர் என்று கம்பெனிக்காரன் சொல்வதில்லை.
ஒருநாள் தேடிப் பார்த்தேன்.
ஒரே முகவரி எண்ணில் முன்னூற்றுப் பன்னிரண்டு தளங்கள்:
ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு ஜமுக்காள வியாபாரி,
எந்த மொழி என்றே தெரியாத சூதாட்டக் கடை,
அப்புறம் நான்.
சூதாட்டக்காரன் வீட்டில் கூட்டம் சேர்ந்தால்
என் வீட்டுக் கதவு திறக்க நாற்பது நொடி.
கடைமடைக்காரிக்கு இது புதிதா என்ன.

நீடாமங்கலம். உரக்கடைக்கு மேல் மாடி.
ஜன்னலைத் திறந்தால் ரயில்வே கேட்.
கேட் போட்டிருக்கிறது; நிற்கிற பஸ்ஸில்
எல்லாரும் குனிந்து போனைத் தடவுகிறார்கள்.
அவர்களில் ஒருவர் இந்நேரம்
கூத்தாநல்லூர் ஜர்ஜீஸ் பாயின் தளத்தில்
தன் பாஸ்போர்ட்டை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

ஏற்றுகிறார்கள்.
முதல் பக்கம், கடைசிப் பக்கம்,
ரத்தப் பரிசோதனைச் சீட்டு, போலீஸ் சான்று,
கொத்து வேலை ஏழு வருசம் பார்த்ததற்கு யாரோ தந்த கடுதாசி.
ஒருவர் கைதவறி
மகளின் காதுகுத்துப் படத்தையும் அனுப்பியிருந்தார்.
அழிக்கவில்லை. அழிக்க எனக்கென்ன உரிமை.

ஃபோல்டருக்குப் பெயர் வைத்தது நான்.
வாசலிலேயே, ‘பப்ளிக்’ என்று எழுதியிருக்கிற அறைக்குள்,
வைத்ததும் நான்.
நாலு வருசம் முன்னால், ஒரு ராத்திரி
அப்லோட் ஆகவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது
யாரோ சொன்னார்கள்: 777 போடு, ஓடும்.
போட்டேன். ஓடியது.
படுத்துத் தூங்கினேன்.

முதல் ஏழு எனக்கு.
இரண்டாம் ஏழு என்னைச் சேர்ந்தவர்களுக்கு.
மூன்றாவது உலகத்துக்கு.
சைக்கிளில் போகிற தூரத்தில் மூணாறு தலைப்பு:
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு.
மூன்று பக்க ஷட்டரையும் முழுக்கத் தூக்கிவிட்டு
வீட்டுக்குப் போய்ப் படுக்கிற லஸ்கரை
எந்த ஊர் விட்டுவைக்கும்?

நேற்று ராத்திரி பதினொன்றரை.
லாக்-இன் செய்யாமல், தங்கச்சி போனில்
முகவரியை அடித்து, கடைசியில் ஓர் எண் போட்டேன். 1187.
ஒரு பெண் என்னைப் பார்த்தாள்.
முத்துப்பேட்டை. எண்பத்தொன்பதில் பிறந்தவள்.
சிரிக்காமல், ஸ்டுடியோக்காரன் சொன்னபடி
தாடையைக் கொஞ்சம் தூக்கி.
1188 அவள் வீட்டுக்காரர்.
1189.
விரல் தானாகக் கூட்டிக்கொண்டே போனது.
நிறுத்துவதற்குள் ஒன்பது முகம்.

விடிவதற்குள் எல்லாம் செய்துவிட்டேன்.
வாசலிலிருந்து தூக்கி ஒரு படி மேலே,
வெளியிலிருந்து கை எட்டாத உள்ளறைக்கு.
எண்களை எடுத்துவிட்டு,
எனக்கே வாயில் நுழையாத பெயர்கள்.
700. இரண்டு ஷட்டர் இறங்கியது.

அதோடு விட்டிருக்கலாம்.
வருகைப் பதிவைப் பிரித்தேன்.
ஆடி மாதம், ஒரு செவ்வாய், விடிகாலை மூன்று பத்து:
எங்கிருந்தோ ஓர் இயந்திரம்
ஒன்றிலிருந்து வரிசையாக, நொடிக்கு ஒன்றாக,
நாற்பத்தொன்று வரை எடுத்திருக்கிறது.
அடுத்த வரியில் சர்வர் மூச்சடைத்துக் கிடக்கிறது.
சூதாட்டக்காரனுக்கு அன்றைக்கு நல்ல கூட்டம் போல.
மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பேரைக் காப்பாற்றியது
அவன்தான் என்றால்
நான் யாருக்கு நன்றி சொல்ல.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது
என்றார் அக்கா வீட்டுக்காரர்.
உண்மைதான். யாருக்கும் தெரியாது.

நாற்பத்தொரு பெயரையும் கையால் எழுதிய நோட்டு
வண்டி டிக்கியில் இருக்கிறது.
கேட் போட்டுவிட்டான்.
நெல் ஏற்றிய கூட்ஸ், ஆடி ஆடி, முடிகிற வழியாயில்லை.
எங்கிருந்து ஆரம்பிப்பது என்று
ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாய், பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது.
ஓடுகிறதா என்று பார்க்க
உங்கள் பாஸ்போர்ட்டைத்தானே முதலில் ஏற்றச் சொன்னேன்.